உச்சிக்குப் போன முகமூடி

அடைக்கப்பச் செட்டியார் காரை விட்டு இறங்கவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் பாக்கியலெட்சுமியின் விசாரணைக் காரியாலயம் இருந்தது. செட்டியார் தன் சாரதியைத்தான் மேலே அனுப்பினார். முதலாளி கீழே வண்டியில் இருக்கிறார், நீங்கள்தான் இறங்கி வர வேண்டும் என்று சாரதி சொல்லிவிட்டுப் போனான்.

"போன மாசம் கிளிமஞ்சாரோ ஏறினவர் எண்டு பேப்பரில படம் வந்தது இவருக்குத்தானே மிஸ்?" என்றான் ஹியூபேட். "பத்தொன்பதாயிரம் அடி ஏறினதில மனிசனுக்குக் கால் தேஞ்சு போச்சாக்கும்."

பாக்கியலெட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டாள். நாற்பத்தாறு வயது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்புக்கு வந்தவள். காப்புறுதிக் கம்பனியொன்றில் பதினேழு வருடம், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் செத்துத்தான் போனார்களா என்று பார்த்துவரும் வேலை செய்தவள். அந்த வேலையில் அவள் கற்றது, ஆட்கள் சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டு கண்ணை வேறெங்காவது வைத்திருப்பது. ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரன், முப்பத்தெட்டு வயது. ஓட்டோ ஓட்டுவது, குறிப்பெடுப்பது, கேட்காதபோது கதைப்பது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு. மூன்றாவதற்குச் சம்பளம் இல்லை.

காருக்குள் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. செட்டியார் புறக்கோட்டையில் செத்தல் மிளகாயும் பருப்பும் மொத்தமாக விற்பவர். ஐம்பத்திரண்டு வயதில் ஆப்பிரிக்காவின் உச்சி மலையை ஆறு நாளில் ஏறி இறங்கியவர் என்று பெயர் எடுத்திருந்தார். ஆறு நாளையும் அவர் வரிசையாகச் சொன்னார். முதல் நாள் காடு. இரண்டாம் நாள் புல்வெளி. மூன்றாம் நாள் அங்கேயே ஓய்வு. நாலாம் நாள் மேகத்துக்கு மேலே கல்லும் மண்ணும். ஐந்தாம் நாள் விடியற்காலையில் உச்சி. ஆறாம் நாள் வாசலுக்கு இறக்கம். அந்த நாட்டு வழிகாட்டி ஒருவர் கூடவே இருந்தார். தன் வயிற்றுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால் வீட்டில் சமைக்கும் ஆறாயியையும் கூட்டிப்போனதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் கதையை மட்டும் அவர் மற்ற நாட்களைவிடச் சுருக்கமாக முடித்ததை ஹியூபேட் கவனித்தான். களைப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை வெள்ளவத்தை மண்டபமொன்றில் அவருக்குப் பாராட்டு விழா. மேடையில் வைக்க, மலைப் பூங்காக்காரர்கள் கொடுத்த சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை காலையில் அலுமாரியைத் திறந்தால் சான்றிதழ் இருந்த உறை இல்லை. அடுப்படியைப் பார்த்தால் ஆறாயி இல்லை. இன்றைக்கு வியாழன்.

"உறையைக் கண்டுபிடிச்சா அப்படியே கொண்டு வாங்க," என்றார் செட்டியார். "தொறந்து வாசிக்க வேண்டாம்."

ஹியூபேட் அதைக் கொப்பியில் எழுதினான். களவுபோன பொருளைப் பார்க்காமல் கண்டுபிடிக்கச் சொன்ன முதல் வாடிக்கையாளர் இவர்தான்.

நாளை பின்னேரத்துக்குள் கிடைக்காவிட்டால் பொலிசில் முறைப்பாடு கொடுப்பதாகவும் செட்டியார் சொன்னார். ஆறாயியின் அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் எங்கே என்று பாக்கியலெட்சுமி கேட்டாள். பாதுகாப்புக்காகத் தன் இரும்புப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லி, அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுக் காட்டினார்.

ஹியூபேட்டுக்கு எழுதுகிற கை நின்றது. 1999ஆம் ஆண்டு. சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த கொழும்பில், அட்டை இல்லாத தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி வெளியே திரிகிறாள். அவள் பேரில் ஒரு களவு முறைப்பாடும் விழுந்தால் அவளை எந்தத் தடுப்பு அறையில், எத்தனை மாதம் கழித்துத் தேடுவது என்று அவன் யோசித்துப் பார்த்தான். இந்த முறை பகிடி ஒன்றும் வரவில்லை.

பாக்கியலெட்சுமி இன்னும் இரண்டே கேள்விதான் கேட்டாள். சமையல்காரி போனதிலிருந்து வயிறு எப்படி இருக்கிறது? வயிற்றுக்குக் குறைவில்லை, ஆச்சி கைப்பக்குவம் பிடித்துக்கொண்டாள், அதே இஞ்சி ரசம், சொட்டு வித்தியாசம் இல்லை என்றார் அவர். ஆச்சி என்றது அவர் மனைவி கண்ணாத்தாளை. இரண்டாவது கேள்வி, இறங்கும்போது கால்விரலில் வலி ஏதும் வந்ததா என்று. செட்டியார் சிரித்துக்கொண்டு காலை நீட்டிக் காட்டினார். தோல் செருப்புக்குள் பத்து நகமும் தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளையாக இருந்தன.

கடைசியாக அவர் உச்சியில் எடுத்த படத்தின் பெரிய பிரதியொன்றைக் கொடுத்தார். பனித்தரை, மரப்பலகை அறிவிப்பு, பக்கத்தில் சிவப்புக் குளிர்ச்சட்டைக்குள் ஒரு உருவம். தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மூக்கிலிருந்து தாடை வரை கம்பளி முகமூடி. முதுகில் பை. பலகையில் உஹுரு என்று எழுதியிருப்பதைக் காட்டி, அந்த ஊர்ப் பாஷையில் அதற்கு விடுதலை என்று அர்த்தம் என்றார் செட்டியார்.

"அந்த அர்த்தத்தை மட்டும் வேற ஆருக்கும் சொல்லிராதைங்கோ ஐயா," என்றான் ஹியூபேட்.

ஓட்டோ கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் முதல் சாவடியிலேயே நிறுத்தினார்கள். இரண்டு பேரும் இறங்கி அட்டையைக் கொடுத்தார்கள். சிப்பாய் பெரிய உறையைத் திறந்து படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தான். கடைசியில், "நுவரஎலியத?" என்று கேட்டான், நுவரெலியாவா என்று. ஓமென்று ஹியூபேட் சிங்களத்தில் சொன்னான். இந்த வருஷம் பனி கொஞ்சம் கூட என்றும் சேர்த்துக்கொண்டான். சிப்பாய் அதை நம்பியது போலத்தான் இருந்தது.

"மிஸ், நீங்க செட்டியார்ட முகத்தைப் பாக்காமக் காலைப் பாத்துக்கொண்டிருந்தீங்க," என்றான், வண்டியைக் கிளப்பியபடி. "இந்த வயசில எனக்குச் சந்தேகமா இருக்கு."

"சிவனொளிபாத மலைக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க ஹியூபேட்?"

"ஒருக்கா. பாதியில பருப்பு வடை கிடைச்சது. அதோட திரும்பிட்டன்."

"முழுசாப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். ஏறுறது மூச்சை வாங்கும். இறங்குறதுதான் நகத்தை வாங்கும். விரலு பூட்ஸ்ல இடிச்சு இடிச்சுக் கட்டைவிரல் நகம் கறுத்துப் போகும். ஆறு மாசத்துக்கு அந்தக் கறுப்பு போகாது."

செட்டியார் மலையிலிருந்து வந்து ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. ஹியூபேட் அதற்குப் பிறகு கோட்டை வரும்வரை வாய் திறக்கவில்லை. அது அவனுக்கே பழக்கமில்லாத தூரம்.

கொட்டாஞ்சேனையில் படம் கழுவிய ஸ்டூடியோ மஷூருடையது. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல்காரர்கள் முதல் சர்ச்சில் பாடுகிற ஆட்கள் வரை எல்லாருக்கும் அவர்தான் கலியாணப் படம் எடுப்பவர். ஹியூபேட்டோடு ஒன்றாகப் படித்தவர். செட்டியாரின் ரோல் நன்றாக நினைவிருக்கிறது என்றார். ஒரே படத்துக்கு இரண்டு பேர் பிரதி கேட்டதால் நினைவாம். பெரிய பிரதி செட்டியாருக்கு. பத்து நாளைக்குப் பிறகு இன்னொருவர் வந்து தபாலட்டை அளவில் ஒன்று வாங்கிப் போயிருக்கிறார்.

ஒரு பொம்பிளைதானே என்று ஹியூபேட் கேட்டான். ஓம் என்றார் மஷூர். ஹியூபேட் கொப்பியில் ஆறாயி என்று எழுதி அடிக்கோடு போட்டான். பாக்கியலெட்சுமி அந்தப் பொம்பிளை எப்படி வந்தார் என்று கேட்டாள்.

"வெள்ளைக் காரில வந்தாங்க. நல்ல வைர மூக்குத்தி போட்டீந்தாங்க. மரியாதையான லேடி."

ஹியூபேட் அடிக்கோட்டை அழித்தான்.

மஷூர் நெகட்டிவ் சுருளையும் எடுத்து வெளிச்சப் பெட்டியில் வைத்தார். அவருக்கு அந்த ரோலில் ஒரு தொழில் கவலை இருந்தது. வாசலில், காட்டில், முதல் தங்கலில், இரண்டாம் தங்கலில் என்று செட்டியார் பதினாலு படம் எடுத்திருக்கிறார். பதினாலிலும் முகம் முழுசாகத் தெரிகிறது, ஒன்றில் தலைகூடச் சீவியிருக்கிறார். மூன்றாம் தங்கலுக்கு மேலே ஒரே ஒரு படம். அதில் மட்டும் முகம் இல்லை.

"அவ்வளவு தூரம் போய் மொகத்தை மூடிக்கிட்டா ஒரு மனுசன் படம் எடுப்பான்?" என்றார் மஷூர். "நான் இருபது வருசமா ஆக்களை எடுக்கிறன். ஒருத்தரும் அப்படிச் செய்யிறதில்ல."

பாக்கியலெட்சுமி அவரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பெரிய படத்தின் மேல் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கித் தன் உச்சந்தலைக்குச் சற்று முன்னால், மயிர் தொடங்கும் இடத்தைத் தடவினாள். என்ன தேடுகிறாள் என்று ஹியூபேட்டுக்கு விளங்கவில்லை. அவள் கண்ணாடியை அவனிடம் கொடுத்து, பை எப்படித் தொங்குகிறது என்று பார்க்கச் சொன்னாள்.

பையின் இரண்டு தோள்பட்டிகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. தோளில் எதுவும் இல்லை. தொப்பிக்கு மேலே, தலையைச் சுற்றி, ஒரு கயிறு போய்ப் பையைத் தாங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கும் தொப்பிக்கும் நடுவில் மடித்த துணி வைத்திருந்தது.

"மலைக்காரங்கட பாஷனோ தெரியாது," என்றான்.

"அந்த ஊர்ல சுமையைத் தலைக்கு மேல வைக்கிறாங்க. வெள்ளைக்காரங்க தோள்ல மாட்டுறாங்க. கயித்தைத் தலையில போட்டுக் கூடையை முதுகுல விடுறது யாரு?" பாக்கியலெட்சுமி படத்தை உறைக்குள் போட்டாள். "எங்க அம்மா அப்படித்தான் கொழுந்து எடுத்தாங்க. நானும் நாலு வருசம் எடுத்தேன். இது செட்டியார் இல்ல ஹியூபேட். செட்டியாரோட சட்டை."

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. மஷூர் படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பார்த்தார். தான் கழுவிய படத்தில் ஒரு பொம்பிளை நிற்பது தனக்கே தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு ஹியூபேட்டுக்குப் பாதி விளங்கியது. மலை ஏறியவள் ஆறாயி. சான்றிதழைக் கொண்டு ஓடியவளும் ஆறாயி. எங்கே ஓடினாள் என்பதுதான் மிச்சம். கிராண்ட்பாஸில் தோட்டத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், மருதானையில் ரயில் இருக்கிறது, தேடத் தொடங்கலாம் என்றான். அட்டை இல்லாமல் எந்தப் பக்கத்தால் போனாள் என்று பாக்கியலெட்சுமி கேட்டாள். அவன் மனதுக்குள் செட்டியாரின் வீதியிலிருந்து நாலு பக்கமும் போய்ப் பார்த்தான். நாலு பக்கமும் சாவடி. கொட்டாஞ்சேனையில் பிறந்த தானே அட்டையை மறந்த நாளில் பால் வாங்கப் போய்ச் சாவடியில் ஆறு மணித்தியாலம் இருந்தவன் என்பது நினைவுக்கு வந்தது.

"அப்ப அவ போகேல்ல," என்றான் மெதுவாக.

"வாங்க, செட்டியார் வீட்டு ரசத்தைக் குடிச்சுப் பாப்போம்," என்றாள் பாக்கியலெட்சுமி.

செட்டியார் வீடு மூன்று மாடி. அந்த நேரம் அவர் கடையில் இருந்தார். கதவைத் திறந்த கண்ணாத்தாள் ஆச்சிக்கு மூக்கில் வைரம் மின்னியது. ஹியூபேட் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை ஆச்சி பார்த்தார். விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்றதும், சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களைச் சாப்பிடாமல் விசாரிக்க விடுவதில்லை என்று சொல்லி இலை போட்டார்.

ஆறாயி திங்கட்கிழமை பின்வாசலால் போய்விட்டாள், தான் பார்க்கவில்லை என்று ஆச்சி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மனப்பாடம் செய்த செய்யுள் போல இருந்தது. பாக்கியலெட்சுமி அதைக் காதால் கேட்டுக்கொண்டாள். முன்னறையைப் பார்த்தாள். அங்கே செட்டியாரின் கட்டில் கிடந்தது. பக்கத்தில் மருந்துப் போத்தல்கள். கீழே படுக்கிறாரா என்று கேட்டாள். டாக்டர் சொன்னதிலிருந்து இரண்டு வருடமாக அவர் மாடிப்பக்கம் போவதில்லை, மூச்சு வாங்குகிறது என்றார் ஆச்சி. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்பது அவருக்கே கேட்டது போலிருந்தது. கையில் இருந்த கரண்டி சட்டியிலேயே நின்றது.

பாக்கியலெட்சுமி ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். ஹியூபேட்டும் குடித்தான். இஞ்சி தொண்டையில் இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது.

"ரசம் நல்லா இருக்கு ஆச்சி," என்றாள். "வச்சவங்களைப் பாக்கலாமுங்களா?"

ஆச்சி கரண்டியை வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்தார். அவர் முகத்தில் பயம் இருக்கும் என்று ஹியூபேட் நினைத்தான். இருந்தது வேறு ஏதோ. நாலு நாளாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை இறக்கப் போகிற ஆளின் முகம் அது.

"அறுபத்தொரு படி," என்றார். "ஏறுவீகளா?"

மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதற்குள் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி. அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த பொம்பிளை எழுந்து நின்றாள். ஒல்லியான, நாற்பது வயது மதிக்கத்தக்க உருவம். கால் இரண்டிலும் பெருவிரல் நகம் நாவல்பழம் போலக் கறுத்திருந்தது.

பாக்கியலெட்சுமி பேரைக் கேட்கவில்லை. "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்டாள்.

பொகவந்தலாவைப் பக்கம் என்று சொன்னதும் ஆறாயிக்குக் கண் கலங்கிவிட்டது. கொழும்பில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஆறாயி கதையைச் சொன்னாள்.

இரண்டாம் நாளிலிருந்தே சுமைகாரர்கள் இரண்டு பேர் செட்டியாரைத் தாங்கித்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்றாம் தங்கலில் அவருக்கு எழும்பவே முடியவில்லை. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. உச்சிக்குப் போகிற நேரம் வந்ததும் அவர் சின்னப்பிள்ளை போல அழுதிருக்கிறார். பேப்பர்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டதாம். பிறகு தன் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்து, நீ போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வா என்று சொன்னார். அவருடைய பூட்ஸ் பெரிதாக இருந்தது, மூன்று சோடி காலுறை போட்டு இறுக்கினாள். பைப்பட்டி தோளை அறுத்தது. ஆகவே பையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு பாரம் தெரியவில்லை.

"கொழுந்து மலையில கங்காணி பின்னாலேயே நின்னு விரட்டுவாரு அக்கா. அந்த வழிகாட்டி ஆளு முன்னால போய்க்கிட்டு, போலே போலேன்னாரு. மெதுவா மெதுவான்னு அர்த்தமாம். மலையில என்னை மெதுவாப் போகச் சொன்ன மொத ஆளு அவருதான்."

மேலே போனதும் வழிகாட்டி கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். இறங்கி வாசலுக்கு வந்தபோது அதிகாரி யார் உச்சிக்குப் போனது என்று கேட்டார். வழிகாட்டி அவளைக் காட்டினார். செட்டியார் இங்கிலீசில் நிறையக் கதைத்தார். அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதி, அவள் கையிலேயே கொடுத்தார். விமானத்தில் ஏறியதும் செட்டியார் அதை வாங்கிக்கொண்டார்.

ஆறாயி தகரப் பெட்டியிலிருந்து உறையை எடுத்தாள். உறை திறந்தே இருந்தது. ஹியூபேட் பாக்கியலெட்சுமியைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் வாசித்தான். ஆறாயி, இலங்கை, ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர். காலை ஆறு நாற்பது.

"அதை அலுமாரியில இருந்து எடுத்ததுக்கு நீங்க பயப்பட வேணாம்," என்றான் அவன்.

"எடுத்தது அவ இல்ல," என்றது கதவருகில் நின்ற ஆச்சியின் குரல். "நான்."

மருதானையில் அச்சுக்காரர் ஒருவரிடம் பேரை மாற்றக் கொடுக்கப்போவதாகச் செட்டியார் ஞாயிற்றுக்கிழமை போனில் கதைத்ததை ஆச்சி கேட்டிருக்கிறார். அது வரைக்கும் அவருக்கும் விஷயம் தெரியாது. விடிந்ததும் உறையை எடுத்து ஆறாயியிடம் கொடுத்து, அவளையும் மேலே கூட்டிவந்துவிட்டார். படத்தின் சின்னப் பிரதியை, மலைக்குப் போய்வந்த ஞாபகத்துக்கு அவளிடமும் ஒன்று இருக்கட்டும் என்று அதற்கு முன்பே வாங்கிக் கொடுத்திருந்தார். படத்தில் நிற்பது யார் என்று அன்றைக்கு அவள் ஆச்சியிடம் சொல்லவில்லை.

"இருபத்தாறு வருசமா அவுக சொன்ன கதைக்கெல்லாம் தலையாட்டியிருக்கேன்," என்றார் ஆச்சி. "அதெல்லாம் அவுக கதை. இது இவ கதை. இவ பேரு போட்டிருக்கு."

வீட்டு வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. செட்டியார் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஆறாயியின் கை உறையை நெஞ்சோடு அணைத்தது. பாக்கியலெட்சுமி எழுந்து படிக்கட்டின் மேல்முனைக்குப் போய்க் கீழே பார்த்து, உறை கிடைத்துவிட்டது, மேலே இருக்கிறது என்றாள். கொண்டுவரச் சொன்னார் செட்டியார்.

"தொறக்க வேண்டாம்னு சொல்லியிருந்தீங்க. தொடவும் எனக்குத் தயக்கமா இருக்கு. நீங்களே வந்து எடுத்துக்குங்க."

செட்டியார் ஏறத் தொடங்கினார். ஹியூபேட் எண்ணிக்கொண்டிருந்தான். இருபதாவது படியில் அவர் ஒரு தரம் நின்றார். முப்பத்திரண்டில் கைப்பிடியைப் பிடித்தார். முப்பத்தெட்டில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஹியூபேட்டுக்கு மனதில் இரண்டு பகிடி வந்தன. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் விழுங்கினான்.

முதலில் இறங்கியது ஆறாயிதான். தண்ணீர்ச் செம்போடு போய் அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, முதுகைத் தடவினாள்.

"வாயால இழுக்காதீங்கய்யா. மூக்கால விடுங்க. மெதுவா. போலே போலே."

அவருக்கு மூச்சுத் திரும்பப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் பாக்கியலெட்சுமி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். மஷூர் கடையில் பதினாலு முகம் இருக்கிறது. மலை வாசல் பதிவேட்டில் ஒரே ஒரு பேர் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தால், களவுபோனது என்ன என்று பொலிஸ் கேட்கும். களவெடுத்தவளின் பேரே பொருளில் எழுதியிருந்தால் அதைக் களவு என்று எழுத அவர்களிடமும் படிவம் இருக்காது.

செட்டியார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மனைவியிடம் கொடுத்தார். ஆச்சி போய் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துவந்து ஆறாயியின் மடியில் வைத்தார். பிறகு செட்டியார், யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"மேல என்ன இருந்துச்சு?"

ஐந்து கிழமையில் அவர் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை என்பது ஆறாயியின் முகத்தில் தெரிந்தது. சனிக்கிழமைப் பேச்சுக்காகக் கேட்கிறாரோ என்று ஹியூபேட் சந்தேகப்பட்டான். செட்டியாரின் கண்ணைப் பார்த்தபோது அப்படி இல்லை என்று பட்டது.

அவள் யோசித்தாள். "மேகமெல்லாம் கீழ கெடந்துச்சுங்கய்யா," என்றாள். "சூரியன் எனக்குக் கீழ இருந்து வந்துச்சு. குளிர்ல அழுதேன். கண்ணீரு கன்னத்துலயே கட்டியாப் போச்சு. நீங்களும் பாத்திருக்கலாம்னு நெனச்சேன்."

செட்டியார் தலை குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில், நாட்டு நிலைமை காரணமாகப் பாராட்டு விழா காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டதாக நாலு வரி வந்தது. என்ன நிலைமை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடங்களில் யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை காலையில் ஹியூபேட் ஆறாயியைக் கோட்டை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனான். ஹட்டனில் அவள் மகள் காத்திருப்பாள். பாக்கியலெட்சுமி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பைகளைச் சோதிக்கும் இடத்தில் பெண்களுக்கென்று தனி வரிசை. மேசைக்குப் பின்னால் ஒரு சிப்பாய்ப் பெண், இருபது வயது இருக்காது. தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து தபாலட்டை அளவுப் படத்தை வெளியே எடுத்தாள்.

முகமூடி போட்ட ஒரு உருவம். பக்கத்தில் புரியாத பாஷையில் பலகை. அந்தப் பெண்ணின் நெற்றி சுருங்கியது. வரிசைக்கு வெளியே நின்ற ஹியூபேட் தொண்டையைச் செருமிக்கொண்டான். வழியில் அவன் மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தான். மூன்றாவது நல்ல பொய்.

"மே கவுத?" என்று கேட்டாள் சிப்பாய்ப் பெண். இது யார்?

ஆறாயி ஹியூபேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மம தமய்," என்றாள். நான்தான்.

சிப்பாய்ப் பெண் படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி பனியைப் பார்த்தாள். ரொம்பக் குளிரா என்று கேட்டாள். ஹரி சீதலய், சரியான குளிர் என்றாள் ஆறாயி. அந்தப் பெண் படத்தை மூலை மடங்காமல் துணிகளுக்கு நடுவில் வைத்து, பெட்டியைத் தானே மூடிக் கொடுத்தாள்.

ஹியூபேட் தன் மூன்று பொய்களையும் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனான்.